பேட்டரிக் கருவி நீண்ட நாள் உழைக்க

தில்லியில் கீர்த்தி நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே மரச்சாமான் கடைகள் ஏராளம். உத்தரப் பிரதேசத்தில் சகாரன்பூர் என்று ஒரு நகரம். அது மரச்செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். ராஜஸ்தானில் ஜோத்பூர். அங்கே செய்யும் மரச்சாமான்கள் வெளிநாடுகளுக்கும் போகின்றன.

இந்த ஊர்களில் மட்டும் அல்ல, இந்தியா முழுவதும் தச்சர்கள் இருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன்களும் பிளம்பர்களும் இருக்கிறார்கள். முன்பு இவர்கள் கையால் துளை போட்டார்கள். திருப்புளியால் திருகாணி முடுக்கினார்கள். மாலைக்குள் மணிக்கட்டு வலித்துவிடும். பிறகு மின்சார டிரில் வந்தது. வேலை சுலபமாயிற்று. ஆனால் அதற்கு ஒயர் வேண்டும். பிளக் வேண்டும். கரண்ட் போனால் வேலை நின்றுவிடும்.

இப்போது பேட்டரியில் ஓடும் டிரில் பலர் கையில் இருக்கிறது. ஒயர் காலில் சிக்காது. ஏணி மேலும் கொண்டு போகலாம். கரண்ட் இல்லாத புது வீட்டிலும் வேலை செய்யலாம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வாங்கிய புதிதில் நாள் முழுக்க ஓடிய கருவி, ஓராண்டில் அரை நாள்கூட ஓடுவதில்லை. “கருவி கெட்டுவிட்டது” என்கிறார்கள். பெரும்பாலும் கெட்டது கருவி அல்ல, பேட்டரிதான். புது பேட்டரிக்குப் பல நாள் கூலி போய்விடும். பேட்டரி ஏன் கெடுகிறது என்று தெரிந்தால், இந்தச் செலவைத் தள்ளிப் போடலாம்.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

ஒயர் இல்லாத டிரில் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-ஆம் ஆண்டிலேயே அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் இருந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. அது கனமானது. அதில் உள்ள காட்மியம் நச்சு உலோகம்.

1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இது எடை குறைந்தது. அதிக மின்சாரத்தைச் சேமிக்கும். இதை உருவாக்கப் பாடுபட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவர் ஜான் குட்இனஃப். அப்போது அவருக்கு வயது 97. இன்று செல்போனில் இருப்பதும், புதிய டிரில்லில் இருப்பதும் இந்த வகைப் பேட்டரிதான்.

டிரில் பேட்டரியின் பெட்டிக்குள் சிறு சிறு செல்கள் வரிசையாக இருக்கும். டார்ச் விளக்கில் போடும் செல்லைப் போலவே உருளையாக இருக்கும்.

ஒரு செல்லை இரண்டு அறை உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் துகள்கள் முதல் அறையிலிருந்து இரண்டாவது அறைக்குப் போகின்றன. கருவி ஓடும்போது அவை திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தால்தான் மின்சாரம் கிடைக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் சில துகள்கள் வழியில் சிக்கிக்கொள்ளும். அவை மீண்டும் வேலைக்கு உதவாது. இப்படித்தான் பேட்டரிக்கு வயதாகிறது. முதுமையை நிறுத்த முடியாது. சீக்கிரம் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

லேபிளைப் படியுங்கள்

பேட்டரியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வோல்ட். மற்றொன்று ஆம்பியர் ஹவர்.

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். தொட்டி உயரமாக இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும் அல்லவா? அது போல. ஆம்பியர் ஹவர் என்பது தொட்டியின் கொள்ளளவு போல. இரண்டையும் பெருக்கினால் பேட்டரியில் உள்ள மொத்தச் சரக்கு தெரியும். அதன் பெயர் வாட் ஹவர்.

18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் என்றால், 18 × 2 = 36 வாட் ஹவர்.
18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் என்றால், 18 × 4 = 72 வாட் ஹவர்.

இரண்டாவது பேட்டரி சுமார் இரண்டு மடங்கு நேரம் ஓடும். எடையும் கூடும்.

ஒரு கடையில் “18 வோல்ட்” என்று எழுதியிருக்கும். இன்னொரு கடையில் “20 வோல்ட் மேக்ஸ்” என்று இருக்கும். இரண்டாவது பலம் கூடியது என்று நினைக்க வேண்டாம். இரண்டிலும் ஐந்து செல்கள்தான் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல்லின் சராசரி அளவு 3.6 வோல்ட். 3.6 × 5 = 18. முழு சார்ஜில் அதே செல் சுமார் 4 வோல்ட் காட்டும். 4 × 5 = 20. பொருள் ஒன்று, பெயர் இரண்டு.

சில மலிவுக் கருவிகளில் 48, 88 என்று பெரிய எண்ணை அச்சிட்டிருப்பார்கள். உள்ளே பெரும்பாலும் அதே ஐந்து செல்கள்தான் வரிசையாக இருக்கும். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். வாட் ஹவர் எவ்வளவு என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

பேட்டரியின் எதிரிகள்

முதல் எதிரி வெப்பம். 2016 மே மாதத்தில் ராஜஸ்தானின் பலோதியில் வெயில் 51 டிகிரியைத் தொட்டது. அவ்வளவு வெயில் எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் வெயிலில் நிற்கும் வண்டியில் ஒரு தகரப் பெட்டி இருந்தால், அதன் உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம். அந்தச் சூட்டில் பேட்டரி கிடந்தால், வேலை செய்யாமலே அதன் ஆயுள் குறையும். பேட்டரியை நிழலில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரி சூடாக இருக்கும். உடனே சார்ஜரில் போட வேண்டாம். தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். பிறகு போடுங்கள்.

இரண்டாவது எதிரி கடுங்குளிர். லடாக்கில் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். உறையும் குளிரில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்துவிடும். அந்தக் கேடு சரியாகாது. பேட்டரியை அறைக்குள் கொண்டு வந்து, குளிர் விட்ட பிறகுதான் சார்ஜ் செய்ய வேண்டும்.

மூன்றாவது எதிரி பழைய பழக்கம். “பேட்டரியைச் சொட்டு மிச்சமில்லாமல் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்” என்று பலர் சொல்வார்கள். நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்த காலத்தில் வந்த பழக்கம் இது. லித்தியம் பேட்டரிக்கு இது பொருந்தாது. அதை அடியோடு தீர்த்தால் ஆயுள் குறையும். வேகம் தளர்ந்ததும் நிறுத்திச் சார்ஜ் போடுவதே நல்லது.

நான்காவது எதிரி அளவுக்கு மீறிய வேலை. சிறு டிரில்லால் கான்கிரீட் சுவரை மணிக்கணக்கில் துளைத்தால் பேட்டரி கொதிக்கும். பிளக் இருக்கும் இடத்தில், ஒரே மேஜையில் செய்யும் கனமான வேலைக்கு ஒயர் உள்ள கருவியே மேல். பேட்டரிக் கருவியை அலைந்து செய்யும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது எதிரி சும்மா கிடப்பது. சில மாதங்கள் வேலை இல்லை என்றால், பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில் கழற்றி வையுங்கள். நிரப்பியும் வைக்க வேண்டாம், தீர்த்தும் வைக்க வேண்டாம். இடையிடையே எடுத்துப் பாருங்கள்.

வாங்கும்போது

விலையை மட்டும் பார்க்க வேண்டாம். ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு பேட்டரி 1,500 ரூபாய். ஓராண்டு உழைக்கிறது. இன்னொன்று 3,000 ரூபாய். மூன்றாண்டு உழைக்கிறது. 3,000-ஐ 3-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 1,000 ரூபாய். எது மலிவு?

கடையில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பேட்டரிக்கு எத்தனை மாதம் உத்தரவாதம்? இந்தப் பேட்டரி நாளை தனியாகக் கிடைக்குமா? உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா? பில்லை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதம் கேட்பது கடினம்.

ஒரு நிறுவனத்தின் பேட்டரி பொதுவாக இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. அடுத்த கருவியையும் அதே நிறுவனத்தில் வாங்கினால், ஒரே பேட்டரி இரண்டுக்கும் உதவலாம். இரண்டு பேட்டரி இருந்தால் ஒன்று வேலை செய்யும்போது மற்றது சார்ஜ் ஏறும்.

செல் மாற்றித் தரும் கடைகளும் உண்டு. அங்கே கவனம் வேண்டும். ஐந்து மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு சோர்ந்தால் வண்டியே தளர்ந்துவிடும். செல்களும் அப்படித்தான். பழைய செல்களோடு ஒரு புது செல்லைச் சேர்த்தால் பேட்டரி சரியாக உழைக்காது. உள்ளே ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஆபத்து வராமல் காக்க

லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம். எனவே முன்பே கவனமாக இருக்க வேண்டும்.

பேட்டரியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். மரத்தூள், துணி, படுக்கை இவற்றின் மேல் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டாம். இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம்.

ஆணி, திருகாணி கிடக்கும் பெட்டியில் பேட்டரியை மூடி இல்லாமல் போட வேண்டாம். ஆணி இரண்டு முனைகளையும் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

டிரில்லில் பிட் மாற்றும்போது முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். விரல் தவறிச் சுவிட்சில் பட்டால் கை போய்விடும்.

பேட்டரி உப்பினால், வெடிப்பு விட்டால், கசிந்தால், தண்ணீரில் மூழ்கி எழுந்தால் அதைச் சார்ஜ் செய்ய வேண்டாம். வீட்டுக்கு வெளியே தனியாக வையுங்கள். புகை வந்தால் எல்லோரையும் வெளியேற்றுங்கள். 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். குப்பை அள்ளும் தொழிலாளிக்குத்தான் முதலில் காயம் படும்.

2022-இல் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டு வந்தது. பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. மற்றக் குப்பையோடு கலக்காமல் கொடுப்பது பயன்படுத்துபவரின் பொறுப்பு. பேட்டரியின் மேல் குறுக்குக்கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படம் இருக்கும். இதைக் குப்பையில் போடாதே என்பது அதன் பொருள். வாங்கிய கடையிலோ சர்வீஸ் நிலையத்திலோ கேட்டு, சேகரிப்பவரிடம் கொடுங்கள். அதிலுள்ள உலோகங்களைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தலாம்.

நினைவில் வையுங்கள்

சூட்டில் வைக்காதீர்கள்.
அடியோடு தீர்க்காதீர்கள்.
ஆறிய பின் சார்ஜ் செய்யுங்கள்.
உரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள்.
பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.
பழைய பேட்டரியைத் தனியாகக் கொடுங்கள்.

கணக்குப் போடுங்கள்

18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் எத்தனை வாட் ஹவர் இருக்கும்?
(விடை: 90)

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் பேட்டரிக் கருவி வைத்திருப்பவர் யார்? அவருடைய பேட்டரி எத்தனை நாள் உழைத்தது? வேலை இல்லாத நேரத்தில் அதை எங்கே வைக்கிறார்? கேட்டு எழுதுங்கள்.