விழுப்புரத்திலிருந்து முதல் கப்பல் பயணம்

விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடல் உண்டு. பயணிகள் கப்பல் வந்து நிற்கும் துறைமுகம் இல்லை. மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டினால் வங்கக்கடல்தான். ஆனால் அந்தக் கடலில் விடுமுறைக்காகச் சொகுசுக் கப்பல் ஏற நினைக்கும் குடும்பம், திண்டிவனத்திலிருந்து சுமார் 125 கிலோமீட்டரும் விழுப்புரத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டரும் சாலையில் போய்ச் சென்னைத் துறைமுகத்தை அடைய வேண்டும். முதல் கப்பல் பயணத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் கடலில் அல்ல, அதற்கு முந்தைய தரைப் பகுதியில்தான்: பெயர் பொருந்தாத அடையாள அட்டையில், நேரம் கணக்கிடாத சாலைப் பயணத்தில், திறக்க முடியாத இடத்துக்குப் போய்விட்ட பெட்டியில்.

சென்னையிலிருந்து கப்பலில் போவது தமிழர்களுக்குப் புதிதல்ல. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூருடன் இணைத்தது. பின்னர் அந்தத் தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீவிபத்துக்கு உள்ளானது. அந்தமானுக்கு இன்றும் பயணிகள் கப்பல் போகிறது. இவையெல்லாம் ஊர் சேர்வதற்கான கப்பல்கள். கப்பலில் இருப்பதையே விடுமுறையாக விற்கும் பயணம் சென்னைக்குப் பரவலாக அறிமுகமானது 2022 ஜூன் 4-ஆம் தேதி, கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பியபோது. 1990-இல் பிரான்சின் சான் நசேர் தளத்தில் கட்டப்பட்டு, வேறு பெயர்களில் வேறு கடல்களில் ஓடிய கப்பல் அது. சுமார் 210 மீட்டர் நீளம், 11 தளங்கள், ஏறத்தாழ 1,800 பயணிகளுக்கு இடம். இரண்டு இரவுகள் கடலில் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்புவது ஒரு வகைப் பயணம். விசாகப்பட்டினம், புதுச்சேரி வழியாக ஐந்து இரவுகள் என்பது இன்னொன்று. 2023 ஜூன் 5-ஆம் தேதி முதல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைத் தடமும் சேர்ந்தது.

இத்தகைய கப்பல் ஆண்டு முழுவதும் சென்னையில் நிற்காது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அப்போது மும்பையை விட்டு, ஓரளவு அமைதியான கிழக்குக் கரைக்குக் கப்பல் வருவது வழக்கம். அக்டோபர் பிறந்தால் நிலைமை தலைகீழ். வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகும் மாதங்களைப் பற்றி விழுப்புரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது; விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ரயில்கள் நின்றன. ஆகவே சென்னையில் கப்பல் ஏற விரும்புபவர்கள் தீபாவளி விடுமுறையைவிடக் கோடையின் முடிவையும் காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களையும் பார்ப்பது நல்லது. அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அந்தந்த ஆண்டின் பயணத் தேதிகள் வெளியான பிறகே விடுப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. இருவர் பகிரும் அறையில் ஒருவருக்கு என்ற கணக்கில்தான் விளம்பரத்தில் தொகை வரும். அதன்மேல் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. சேர்ந்தால் விளம்பரத்தில் பார்த்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். மொத்தமாக எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டும். உள்பக்க அறைக்கு ஜன்னல் இருக்காது; விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. அடுத்தது கடல் பார்த்த ஜன்னல் அறை, அதற்கு மேல் பால்கனி, அதற்கும் மேல் சூட். பால்கனிக்கு ஏகப்பட்ட பணம் கொடுத்துவிட்டு நாள் முழுதும் மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பவர்களே அதிகம் என்பதால், முதல் பயணத்துக்கு ஜன்னல் அறை போதும். அறையின் வகையைவிட அது இருக்கும் இடம் முக்கியம். கப்பலின் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்; நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தாலே வாந்தி எடுப்பவர்கள் நடு அறையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது ஆவணம். தமிழ்நாட்டுப் பயணிகளுக்கென்றே வாய்த்த தொல்லை ஒன்று இதில் இருக்கிறது: இனிஷியல். ஆதாரில் ‘எஸ். முருகன்’ என்றும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு ‘முருகன் சுப்பிரமணியன்’ என்றும், முன்பதிவு செய்த பையன் அவசரத்தில் வெறும் ‘முருகன்’ என்றும் போட்டிருந்தால், மூன்றும் ஒரே ஆள் என்பதைத் துறைமுக வாசலில் நின்று நிரூபிக்க நேரிடும். பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் முன்பே அதிகாரிகளிடம் போய்விடுகிறது. கடைசி நேரத்தில் பெயரைத் திருத்துவது எளிதல்ல. எந்த அட்டையைக் காட்டப் போகிறோமோ அதில் உள்ள எழுத்துப்படியே முன்பதிவில் பெயர் இருக்க வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அரசு அடையாள அட்டையின் அசல் போதும். கைக்குழந்தைக்கும் தனி ஆவணம் தேவை. இலங்கைப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். அது குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பது பொதுவான விதி. புதிதாக எடுப்பவர்கள் விழுப்புரத்தில் உள்ள அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். போலீஸ் விசாரணைக்கும் சேர்த்து அவகாசம் வைத்துக்கொள்ள வேண்டும். இலங்கைக்குள் இறங்குவதற்கான அனுமதி விதிகள் அவ்வப்போது மாறுவதால், முன்பதிவின்போதே அதைக் கேட்டுத் தெளிந்துவிட வேண்டும். கர்ப்பம் ஆறாவது மாதத்தை நெருங்கியவர்களையும் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளையும் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. கடல் நடுவே பிரசவம் பார்க்கும் வசதி கிடையாது என்பதே காரணம்.

பெட்டி கட்டுவதில் நம் வழக்கம் கொஞ்சம் இடிக்கும். கப்பலில் எல்லாவற்றையும்விடப் பயப்படுவது தீக்குத்தான். இஸ்திரிப் பெட்டி, மின் கெட்டில் எதற்கும் அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று சூடம், ஊதுபத்தி, தீப்பெட்டியைப் பெட்டியில் வைத்தால் ஸ்கேனரிலேயே மாட்டும். கட்டுச்சோறும் பொதுவாக உள்ளே போகாது. சாப்பாடு கட்டணத்திலேயே சேர்ந்தது, சைவத்துக்குத் தனி வரிசையும் இருக்கும். மதுவுக்குத் தனிக் காசு. வெளியிலிருந்து பாட்டில் கொண்டுபோக முடியாது. மாத்திரைகள் மட்டும் பயண நாட்களுக்கு மேல் இரண்டு நாளுக்குச் சேர்த்தே, மருத்துவர் சீட்டோடு இருக்க வேண்டும். மேல்தளத்தில் இரவுக் காற்று பலமாக அடிக்கும் என்பதால் ஒரு சால்வை, நனைந்த தளத்தில் வழுக்காத செருப்பு ஆகியவை பட்டுப்புடவையைவிட உபயோகமானவை.

குமட்டலுக்குக் காரணம் வயிறு அல்ல, காது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண் ‘ஆடவில்லை’ என்கிறது. இரண்டும் முரண்படும்போது தலை சுற்றுகிறது. வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போய்ச் சற்று அடங்கும். மலைப் பேருந்துக்கு முன் போட்டுக்கொள்ளும் அவோமின் மாத்திரையே கடலுக்கும் உதவும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்த நோயோ சிறுநீர்த் தடையோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

புறப்படும் நாளின் கணக்கைக் கப்பல் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்றால் அது கயிறு அவிழ்க்கும் நேரம். செக்-இன் கவுன்ட்டர் அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே மூடிவிடும். கப்பலை வழிநடத்தும் துறைமுக பைலட், இழுவைப் படகுகள், அடுத்து வரும் சரக்குக் கப்பல் என எல்லாம் அந்த நேரத்தோடு கட்டப்பட்டவை என்பதால் ஒரு குடும்பத்துக்காகக் காத்திருக்க வழியில்லை. தவறவிட்ட ரயிலைச் செங்கல்பட்டில் பிடிப்பது போன்ற வித்தையும் இங்கே செல்லாது. காரில் வருபவர்களுக்கு விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று சுங்கச்சாவடிகள். அதற்கப்புறம்தான் உண்மையான சோதனை, பெருங்களத்தூரிலிருந்து நகரத்துக்குள் நுழைவது. ஞாயிறு மாலை, பொங்கல், ஆயுதபூஜை முடிந்த மறுநாள்களில் திண்டிவனத்திலிருந்தே வண்டிகள் ஊரும். பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டியிருக்கும். அங்கிருந்து துறைமுகம் இன்னும் 35 கிலோமீட்டருக்குக் குறையாது. ரயில்தான் நம்பகமானது. விழுப்புரம் சந்திப்பிலோ திண்டிவனத்திலோ ஏறி எழும்பூரில் இறங்கி மின்சார ரயில் மாறினால், பூங்கா, கோட்டை தாண்டிக் கடற்கரை நிலையம். அது துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையிலேயே இருக்கிறது. எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பது போர்டிங் பாஸில் இருக்கும். துறைமுக வாசல்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் ஆட்டோக்காரரிடம் ‘ஹார்பர்’ என்று மட்டும் சொல்லி ஏறக்கூடாது. முந்தைய இரவே சென்னையில் உறவினர் வீட்டில் தங்கிவிடுவது செலவில்லாத காப்பீடு.

துறைமுக வாசலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் அடையாள அட்டையையும் போர்டிங் பாஸையும் பார்ப்பார்கள். வெப் செக்-இன்னை வீட்டிலேயே முடித்து அச்செடுத்து வந்தவர்களுக்கு முனையத்தில் வேலை பாதி. பெரிய பெட்டிகளில் அறை எண் எழுதிய டேக்கைக் கட்டி அங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும். ஸ்கேனருக்குள் போன அந்தப் பெட்டி சாயங்காலம்தான் அறை வாசலில் தென்படும், சில சமயம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதுவரை தேவைப்படும் மாத்திரை, ஆவணம், சார்ஜர், குழந்தைக்கு மாற்றுத் துணி எல்லாம் தோள்பையில் இருக்க வேண்டும். கைப்பையும் ஆளும் சோதனை வாயிலைத் தாண்டியபின் ஒரு புகைப்படம் எடுத்து, ஒரு அட்டையைக் கையில் கொடுப்பார்கள். அறைச் சாவி, அடையாளம், பணப்பை மூன்றும் அதுவே. கப்பலுக்குள் ரொக்கம் புழங்காது; முன்பணமோ கிரெடிட் கார்டோ அந்த அட்டையோடு இணைக்கப்பட்டு, குடிக்கும் ஒவ்வொரு ஜூஸும் அதில் ஏறும். பிள்ளைகளின் அட்டைக்கு வரம்பு வைக்கச் சொல்லிவிடுவது புத்திசாலித்தனம்.

ஏணிப்பாலம் ஏறி உள்ளே போனதும் எல்லோரும் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடுவார்கள். முதலில் கவனிக்க வேண்டியது அட்டையில் அச்சிட்டிருக்கும் ஓர் எழுத்து அல்லது எண்: ஆபத்தில் கூட வேண்டிய இடம் அது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய பல நூறு பேருக்கு அதுவரை பாதுகாப்பு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த உலக விதி அதன்பின் மாற்றப்பட்டு, 2015 ஜனவரி 1 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை கட்டாயமானது. ஏழு முறை சிறிது நேரமும் ஒரு முறை நீண்ட நேரமும் ஒலிப்பான் கத்தினால் அதுதான் அழைப்பு. அறையில் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, படிக்கட்டு எந்தப் பக்கம் என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். ஆபத்தில் லிஃப்ட் கிடையாது.

கரை மறையும்போது போனில் சிக்னலும் மறையும். அப்போது கப்பலின் செயற்கைக்கோள் வலைப்பின்னலைப் போன் தானாகப் பிடித்துக்கொண்டால் கட்டணம் எகிறும் என்பதால், கிளம்பியதுமே ஃபிளைட் மோடில் போட்டுவிடுவது வழக்கம். ஊரில் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவரிடம் திரும்பும் நேரத்தை முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். இந்தியாவின் கடல் எல்லை 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். அதைத் தாண்டிய பிறகே கப்பலின் சூதாட்டக் கூடம் திறக்கும்.

அந்தச் சூதாட்டக் கூடம்தான் பக்கத்துப் புதுச்சேரியில் சர்ச்சையைக் கிளப்பியது. 2022 ஜூனில் கப்பல் வந்தபோது அனுமதி கிடைக்காமல் பயணிகள் இறங்காமலே திரும்பினர். 2025 ஜூலையில்தான் அங்கே இறங்க முடிந்தது. அதுவும் துறைமுகத்தில் ஆழம் போதாததால், கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட, சிறு படகுகள் பயணிகளைக் கரை சேர்த்தன. இப்படிப் படகு மாறும் இடங்களில் முட்டி வலியுள்ளவர்களும் அலையின் ஏற்றத்தில் கால் வைக்க வேண்டியிருக்கும். கடல் சரியில்லையென்றால் இறக்கமே ரத்தாகும். புதுச்சேரியிலிருந்து விழுப்புரமும் திண்டிவனமும் 40 கிலோமீட்டருக்குள்தான் என்றாலும், இங்கேயே இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்ற யோசனை சரிவராது. பயணம் எந்தத் துறைமுகத்தில் முடிவதாகப் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் முடித்தாக வேண்டும். மாற்றமென்றால் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும்.

கடைசி இரவு, டேக் கட்டிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் போடும் துணியையும் அதிலேயே பூட்டிவிட்டு இரவு உடையில் நின்றவர்களைப் பற்றிக் கப்பல் ஊழியர்களிடம் கதைகள் உண்டு. கணக்கு விவரத்தை அன்றிரவே வாங்கிச் சரிபார்த்தால், காலையில் வரவேற்பு மேசையில் நிற்கும் நீண்ட வரிசை மிச்சம். இலங்கை போய் வந்தவர்களுக்குச் சென்னையில் பாஸ்போர்ட் சோதனையும் சுங்கமும் இருக்கும். தளம் தளமாக அழைத்து இறக்குவதால் எல்லோரும் வெளியே வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். ஊருக்குத் திரும்பும் ரயிலைக் காலையிலேயே பதிவு செய்யாமல், பகல் தாண்டி எழும்பூரில் புறப்படும் வண்டியில் எடுத்து வைப்பது பாதுகாப்பு.