முதல் நாள் ஐந்து போதும்

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மாலை நேரம். லயத்து வாசலில் வயதான பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் மலைச் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தவர் அவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆஷா பணியாளர் வருகிறார்.

"என்னம்மா, டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னாரே. செய்றீங்களா?"

"போ கண்ணு. முப்பது வருஷம் கொழுந்து சுமந்த உடம்பு இது. இதுக்கு மேல என்ன பயிற்சி?"

இப்படி ஒரு பேச்சை மூணாறிலும் தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் எந்த லயத்திலும் கேட்கலாம்.

பாலக்காடு எல்லையில், கொழிஞ்சாம்பாறை பக்கம், கதை வேறு மாதிரி. அங்கே ஆட்டோ ஓட்டும் ஒருவர். வயது நாற்பது. சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பயந்துபோய் மறுநாளே ஒரு மணி நேரம் ஓடினார். ஐம்பது பஸ்கி எடுத்தார். மூன்றாம் நாள் ஆட்டோவில் ஏறி உட்காரவே முடியவில்லை. தொடையைத் தொட்டால் வலி. "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிட்டார்.

ஒருவர் தொடங்கவே இல்லை. இன்னொருவர் தொடங்கிய வேகத்திலேயே நின்றுவிட்டார். இருவருக்கும் ஒரே மருந்துதான். கொஞ்சமாகத் தொடங்குவது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது.

வேலை வேறு, பயிற்சி வேறு

கொழுந்து பறிப்பது கடுமையான உழைப்பு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதில் சில தசைகளே திரும்பத் திரும்ப இழுபடுகின்றன. முதுகு, தோள், விரல்கள். உடம்பு வலிக்கிறது என்று வேலையை நிறுத்த முடியாது. சொன்ன அளவுக்குக் கொழுந்து கொடுத்தாக வேண்டும்.

பயிற்சியில் அப்படி இல்லை. எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பது செய்கிறவர் கையில் இருக்கிறது. வலித்தால் நிறுத்தலாம். இரண்டும் ஒன்று என்று நினைப்பதால்தான் உழைத்தவர்கள் பலர் பயிற்சி பக்கமே வருவதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. முப்பது வருஷம் உழைத்த பலம் அப்படியே உடம்பில் தங்கிவிடாது. பயன்படுத்தாத தசை மெலியும். நடுவயதுக்குப் பிறகு அது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் இன்னும் வேகமாகக் குறையும். எழுந்திருக்கச் சுவரைப் பிடிப்பது அதனால்தான். அடுத்து வருவது குளியலறையில் வழுக்கி விழுவது. வயதான காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்தால் மீண்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்பது பல வீடுகளில் தெரியும்.

சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. கேரளத்தில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொன்னது. தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் அதனால்தான் டாக்டர் பயிற்சி சொல்கிறார்.

பஸ்ஸில் கிடைத்த பாடம்

லண்டன் நகரத்தில் மாடி பஸ்கள் ஓடும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர் இருந்தார்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கு ஏறுவார், இறங்குவார். ஒரு நாளைக்கு 500 படிக்கு மேல்.

ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் இவர்களுடைய உடல்நலத்தைக் கவனித்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். ஒரே மாதிரி குடும்பத்திலிருந்து வந்தவர்கள். ஆனால் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். கண்டக்டர்களுக்குக் குறைவு. 1953-இல் அவர் இதை வெளியிட்டார். உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையோடு காட்டிய முதல் ஆய்வுகளில் இது ஒன்று. மாரிஸ் 2009-இல் காலமானபோது அவருக்கு வயது 99.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கண்டக்டர்கள் யாரும் ஓடவில்லை, பளு தூக்கவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படி ஏறினார்கள். அவ்வளவுதான்.

"எனக்கு வயதாகிவிட்டதே" என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். அதில் சேர்ந்தவர்கள் 10 பேர். சராசரி வயது 90. கால் தசைக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். முடிவு 1990-இல் வெளிவந்தது. அவர்களுடைய கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. ஊன்றுகோல் பிடித்து நடந்தவர்களில் இருவர் அதை விட்டுவிட்டு நடந்தார்கள்.

ஏன் மெதுவாக?

தேயிலைக் கன்றை நட்ட மறுமாதமே யாரும் கொழுந்து பறிப்பதில்லை. வேர் பிடிக்க வேண்டும். கவாத்து செய்து செடி படர வேண்டும். அதற்குச் சில வருஷம் ஆகும். உடம்புக்கு அவ்வளவு காலம் வேண்டாம். சில வாரங்கள் போதும். ஆனால் அந்தச் சில வாரங்களை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

பழக்கமில்லாத வேலை செய்தால் தசையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன காயங்கள் உண்டாகும. உடம்பு அதைச் சரிசெய்யும். சரிசெய்யும்போது முன்பைவிட உறுதியாகக் கட்டும். இதற்கு ஒன்று, இரண்டு நாள் ஓய்வு வேண்டும். லேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆட்டோக்காரருக்கு வந்ததும் இதே வலிதான். ஐம்பது பஸ்கி எடுத்ததால் பெரிதாக வந்தது.

முதல் சில வாரங்களில் பலம் கூடுவது தசை பருத்ததால் அல்ல. மூளையும் நரம்பும் பழகிக்கொள்வதால்தான். எழுதப் படித்த நாட்களை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். முதலில் "அ" எழுதும்போது கை நடுங்கியது. கோடு கோணியது. ஒரு மாதம் கழித்துச் சுலபமாக எழுத வந்தது. கை பெரிதாகிவிடவில்லை. பழகிவிட்டது. காலும் அப்படித்தான் பழகுகிறது.

இதிலே ஒரு ஆபத்தும் இருக்கிறது. தசை சீக்கிரம் பழகும். தசையை எலும்போடு கட்டும் நார் மெதுவாகத்தான் உறுதிப்படும். மூன்றாவது வாரம் "நல்லா முடியுதே" என்று தோன்றும். உடனே சிலர் அளவை இரண்டு மடங்காக்குவார்கள். முட்டியிலும் குதிகாலிலும் வலி வருவது பெரும்பாலும் அப்போதுதான். முடிகிறபோதும் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்துவதே கெட்டிக்காரத்தனம்.

வீட்டுக்குள்ளேயே செய்யலாம்

காலையில் வெளியே நடந்தால் நல்லதுதான். ஆனால் மூணாறில் விடியற்காலையில் தோட்டத்து ரோட்டில் யானை நிற்கும். ஜூன் மாதம் மழை பிடித்தால் விடாது. ஜனவரியில் மேல் எஸ்டேட்களில் புல்லில் உறைபனி கிடக்கும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆகவே வீட்டுப் பயிற்சிதான் பன்னிரண்டு மாதமும் நடக்கும். மலையில் இருப்பவர் வெயில் வந்தபின், உடம்பு சூடேறியபின் செய்யலாம். சமவெளியில் இருப்பவர் வெயிலுக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தோட்ட ஆஸ்பத்திரியிலோ பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பது. இதய நோய் உள்ளவர், கர்ப்பிணி, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பிறகு ஒரு நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். அதைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். நாற்காலி இல்லாவிட்டால் கட்டில் போதும். முன் பக்கமாக நகர்ந்து உட்கார வேண்டும். பாதங்கள் கொஞ்சம் அகட்டி, தரையில் பதிந்திருக்க வேண்டும். உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சை விட்டபடி எழுந்து நிற்க வேண்டும். பிறகு மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழக் கூடாது. மெதுவாக உட்காருவதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. இது ஒரு தடவை.

முதல் நாள் ஐந்து தடவை போதும். மறுநாள் ஓய்வு. வாரத்துக்கு மூன்று நாள். எழுந்திருக்கக் கஷ்டமாக இருந்தால் கம்பளியை மடித்து உட்காரும் இடத்தில் போடலாம். உயரம் கூடினால் எழுவது சுலபம். கையை ஊன்றியும் எழலாம். இரண்டாம் வாரம் ஆறு. மூன்றாம் வாரம் ஏழு. "இன்னும் இரண்டு முடியும்" என்ற நிலையில் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்த முடியாத வாரம் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். பத்து சுலபமாக வந்துவிட்டால், கம்பளியை எடுத்துவிடலாம். ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றக் கூடாது.

கைக்கும் தோளுக்கும் சுவர் தண்டால். சுவருக்கு எதிரே ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் தோள் உயரத்தில் சுவரில் வைத்து, முழங்கையை மடக்கிச் சுவரிடம் போய், தள்ளித் திரும்ப வேண்டும். இதற்கும் அதே ஐந்து, அதே கணக்கு.

இதயத்துக்கு, நின்ற இடத்திலேயே நடப்பது. முதல் வாரம் இரண்டு நிமிஷம். வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டலாம். செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பேச்சே வராமல் மூச்சு வாங்கினால் அது அதிகம். பத்து நிமிஷம் வரை வந்தபின் காலை, மதியம், மாலை என்று பிரித்துச் செய்யலாம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்தாலும் நல்லது என்று சொன்னதும் அதே நிறுவனம்தான்.

நெஞ்சில் அழுத்தமோ வலியோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, தலைசுற்றலோ, குளிர்ந்த வியர்வையோ வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உட்கார்ந்து ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. பிரஷர் உள்ளவர் மூச்சை அடக்கக் கூடாது. "ஒன்று, இரண்டு" என்று சத்தமாக எண்ணினால் மூச்சு தானாக ஓடும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவரும் மாத்திரை சாப்பிடுகிறவரும் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. நடுக்கம், வியர்வை வந்தால் வாயில் போடக் கொஞ்சம் சர்க்கரை பக்கத்தில் இருக்கட்டும்.

காலண்டரில் எழுதுவது

சுவரில் மாதக் காலண்டர் இருக்கும். அன்றைய கட்டத்தில் எத்தனை தடவை என்று எண்ணை எழுத வேண்டும். ஐந்து என்றால் 5. ஓய்வு நாளில் ஒரு கோடு. செய்ய வேண்டிய நாளில் செய்யாவிட்டால் 0. அதையும் எழுத வேண்டும். விருந்தாளி வந்திருப்பார்கள், காய்ச்சல் வந்திருக்கும், ஊருக்குப் போயிருப்பார்கள். சுழி வராத காலண்டர் யார் வீட்டிலும் இருக்காது.

ஒரு சுழி வந்தால் மறுநாள் பழைய எண்ணிலேயே தொடரலாம். ஒரு வாரம் முழுக்கச் சுழியானால் இரண்டு படி கீழே இறங்க வேண்டும். எட்டில் நின்றவர் ஆறில் தொடங்கலாம். ஒரு மாதம் விட்டுப்போனவர் மறுபடி ஐந்தில் தொடங்கலாம். இந்தத் தடவை ஐந்திலிருந்து எட்டுக்கு வர முன்பு ஆன அளவு நாள் ஆகாது.