பொருந்தும் சாமான் எல்லாம் பொருத்தமான சாமானா?

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களே! உங்கள் வண்டி எப்படி ஓடுகிறது என்று இங்கே கேட்கப் போவதில்லை. எப்படி நிற்கிறது என்றுதான் கேட்கப் போகிறோம். அதிலும் முக்கியமாக, பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே மாதிரி நிற்கின்றனவா?

தங்காக்கிலிருந்து சாகில் வழியாகச் சிகாமட் போகும் சாலையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். சாலையோரத்தில் 1,276 மீட்டர் உயரத்தில் லேடாங் மலை நிற்கிறது. மாலையில் மழை பிடித்துவிட்டால், தோட்டத்திலிருந்து வரும் லோரிகள் விட்டுச் செல்லும் செம்மண் தார்ச் சாலையில் குழம்பாகிவிடும். அந்த வழுக்கலில் பிரேக்கை மிதிக்கிறீர்கள். ஒரு பின் சக்கரம் இறுகி நின்று, மற்றது உருண்டுகொண்டே போனால் என்ன ஆகும்? வண்டியின் வால் ஒதுங்கும்; முகம் எதிரே வரும் வண்டியை நோக்கித் திரும்பும். தீபாவளிக்குத் துணி எடுக்கத் தங்காக் துணிக்கடைகளுக்கு வந்துவிட்டு, பின் இருக்கையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் குடும்பத்துக்கு இது விளையாட்டான விஷயமா?

புது வண்டிக்கு இந்தக் கோளாறு எளிதில் வராது. பழைய வண்டிக்குத்தான் வரும். அதுவும் அக்கறையோடு பழுது பார்த்த பிறகே பெரும்பாலும் வரும்! இடப் பக்கத்து வீல் சிலிண்டர் ஒழுகியது. பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. "அண்ணே, துவாரம் சரியா இருக்கு, போட்டுடலாமா?" என்று பையன் கேட்கிறான். "போடு தம்பி" என்கிறார் பட்டறைக்காரர். போல்ட் ஏறிவிட்டது, ஒழுக்கும் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பக்கமும் இரண்டு அளவாகிவிட்டதை யாரும் பார்ப்பதில்லை.

இதற்கு நல்ல உதாரணம், தோட்டத்து மக்கள் நன்கறிந்த லேண்ட்ரோவர்தான். 1948-இல் இங்கிலாந்தில் பிறந்த வண்டி அது. மலாயாவில் அவசர காலம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். இராணுவத்தையும் துரைமார்களையும் சுமந்து, பின்னர் கைமாறிக் கைமாறிப் பழத்தோட்டக்காரர்களிடமும் மரக்காரர்களிடமும் வந்து சேர்ந்தது. அந்தப் பழைய வரிசை 1985-இல் முடிந்துவிட்டாலும், ஓடக்கூடிய வண்டிகள் இன்னும் உண்டு. அவற்றில் 88 அங்குலக் குட்டை வண்டி ஒன்று, 109 அங்குல நெட்டை வண்டி மற்றொன்று. குட்டைக்குப் பின் டிரம் 10 அங்குலம். ஷூவின் அகலம் ஒன்றரை அங்குலம். நெட்டைக்குப் பின் டிரம் 11 அங்குலம். ஷூ இரண்டேகால் அங்குலம். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆகவே ஒன்றின் சாமான் மற்றொன்றில் ஏறுவது உலகமெங்கும் நடக்கிற கதைதான்.

"பெரிய பிரேக் போட்டால் நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வண்டி நிற்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரத்தைப் பலமாகப் பிடித்தால் அது உடனே இறுகி வழுக்கும். அதனால்தான் பின் பிரேக்கை அளவோடு வைத்தார்கள். முன் பிரேக்கை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் பெரிதாக்குவது, காளை இருக்கும்போது கன்றின் கழுத்தில் நுகத்தடி வைப்பது போல.

சிலிண்டர் விஷயத்தில் கண் இன்னும் எளிதாக ஏமாறும். ஒன்றின் உள்விட்டம் 11/16 அங்குலம், மற்றொன்றின் உள்விட்டம் 3/4 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். ஆனால் எண்ணெய் தள்ளும் பலம் பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெரியது ஏறக்குறைய 19 விழுக்காடு அதிகமாகத் தள்ளும். ஒரு பக்கம் நூறு என்றால் மறு பக்கம் நூற்றுப் பத்தொன்பது! இதனால்தான் சிலிண்டரை வாங்கும் முன் அதன் உடம்பில் வார்த்திருக்கும் அளவைப் படியுங்கள் என்கிறோம். படிக்க முடியாமல் துரு மூடியிருந்தால் வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். சிலிண்டரையும் ஷூவையும் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை. ஒன்றுக்கு மட்டும் பணம் கொடுத்து மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல.

சரி, கோளாறு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சமதளத்தில் ஒரு பயணம் போய், சிலமுறை பிரேக் பிடித்துவிட்டு நிறுத்துங்கள். இரண்டு பின் டிரம்களின் மீதும் சில துளி தண்ணீர் விடுங்கள். ஒன்றில் சீறி ஆவியானால், மற்றொன்றில் வெறுமனே வழிந்தால், ஒரு பக்கம்தான் உழைக்கிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும். இன்னொரு வழி: பின் பக்கத்தைத் தூக்கித் தாங்குகட்டை கொடுத்து, ஒருவர் பெடலை மெல்ல மெல்ல மிதிக்க, மற்றவர் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்ப்பது. எந்தச் சக்கரம் முதலில் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இங்கே லேண்ட்ரோவர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், சுழலும் தண்டில் இருக்கிறது. ஒரு பின் சக்கரம் மண்ணைவிட்டு எழும்பியவுடன் அந்த ஹேண்ட் பிரேக்குக்குப் பிடியில்லை. வண்டி ஜேக்கிலிருந்து உருண்டு இறங்கிவிடும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஜேக்கைத் தொடாதீர்கள். குழந்தைகளையும் அருகில் விடாதீர்கள்.

டிரம்மைக் கழற்றும் முன் ஒரு விதியை மனத்தில் வையுங்கள்: ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறு பக்கத்தைத் திறக்க வேண்டும். ஸ்பிரிங் எந்தத் துளையில், எந்த ஷூ முன்னால் என்று சந்தேகம் வரும்போது, கழற்றாத பக்கம் உங்களுக்குப் படமாக நிற்கும். ஆனால் அந்தப் பக்கமே முன்பு யாரோ தவறாகப் பூட்டியதாக இருக்கலாம். ஆகவே வண்டிப் புத்தகத்தையும் ஒருமுறை பாருங்கள். சில வண்டிகளில் முன்னே நிற்கும் ஷூவின் லைனிங்கும் பின்னே நிற்பதன் லைனிங்கும் ஒரே நீளமல்ல. கார்களில் இருக்கும் பல்சக்கர அட்ஜஸ்டருக்கு இடம் வலம் உண்டு. ஒன்றின் மரை நேர், மற்றொன்றின் மரை எதிர். இரண்டையும் மாற்றிப் பூட்டினால் இறுக வேண்டியது தளரும். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கும் பின்னால் டிரம்தான். அதை வைத்திருப்பவர்களும் டிரம்மைத் திறந்தால் கவனமாகவே பூட்ட வேண்டும்.

உள்ளே படிந்திருக்கும் கறுப்புத் தூளைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். அது நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்தே வினை காட்டும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். வேலைச் சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு துவைக்கப் போடாதீர்கள், தாய்மார்களே. இதைப் பட்டறையில் யாரும் சொல்வதில்லை.

டிரம்மின் ஓரத்தில் அதிகபட்ச உள்விட்டம் பொறித்திருந்தால் அளந்து பாருங்கள். கடைசல் பட்டறையில் சீவும்போது இரு டிரம்களையும் ஒரே அளவுக்குச் சீவச் சொல்லுங்கள். ஒன்று எல்லை கடந்திருந்தால் சீவுவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். சீவிய டிரம்மில் புது ஷூ நடுவில் மட்டும் தொடும். டிரம்மின் உள்ளே சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்து, ஷூவை உள்ளே வைத்து அசைத்துப் பாருங்கள். வெள்ளை எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் தொடுகிறது. நடு மட்டும் வெள்ளையானால் லைனிங்கை வளைவுக்கு ஏற்ப அரைத்துக் கொடுக்க வேண்டும்.

ரப்பர் கப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால்மரம் வெட்டியவர்களுக்கு ரப்பரின் குணம் தெரியாதா! எஞ்சின் எண்ணெய், பெட்ரோல், கிரீஸ் ஏதும் பட்டால் அந்தக் கப் ஊதிப் பெருத்துச் சிக்கிக்கொள்ளும். பிரேக் எண்ணெய் தவிர வேறெதுவும் அதைத் தொடக் கூடாது. எண்ணெயும் மூடி திறந்து வைத்திருந்த பழைய டப்பாவிலிருந்து வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டு வெக்கையில் சீக்கிரமே கெடும்.

எல்லாம் பூட்டியபின் காற்று எடுத்து, சக்கரம் இலேசாக உரசும் வரை இறுக்கி, சற்றே தளர்த்தி விடுங்கள். முதல் ஓட்டம் தோட்டத்துக்குள், ஆளில்லாத மண் பாதையில், மெதுவாக. பிறகு நேரான சாலையில் மூன்று நான்கு முறை மிதமாகப் பிடித்துப் பார்த்து, மறுபடியும் அந்தத் தண்ணீர்ச் சோதனை. ஒரு முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு லைனிங் படிந்திருக்கும். அன்று டிரம்மைத் திறந்து, இரு பக்கத் தேய்மானமும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, இன்னொரு முறை அட்ஜஸ்ட் செய்யுங்கள்.