மண் எனும் மூலதனமும் மண்புழுவும்

உழவனின் நண்பன் மண்புழு என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்கிறோம். எனினும் அந்நட்பு எவ்வாறு செயற்படுகிறது என்பதை அறிந்தவர் சிலரே. வேளாண் முதலீட்டைக் கணக்கிடும்போது விதை, நீர், உரம், கடன் ஆகியவற்றைச் சேர்க்கிறோம். அந்த முதலீட்டுக்கெல்லாம் அடிப்படையான மண்ணை நாள்தோறும் பண்படுத்தும் இவ்வுயிர் எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

டார்வின் அளந்த உழைப்பு

இவ்வுழைப்பை அளந்து காட்டியவர் சார்லஸ் டார்வின். இங்கிலாந்தில் தம் இல்லத்தருகே இருந்த புல்வெளி ஒன்றில் அவர் 1842-ஆம் ஆண்டு சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பினார். 29 ஆண்டுகளுக்குப் பின், 1871-இல் அங்குக் குழி தோண்டியபோது, அத்துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் வெண்கோடாகக் காணப்பட்டன. புழுக்கள் கீழிருந்து மண்ணைக் கொணர்ந்து மேலே இட்டதே இதற்குக் காரணம். இங்கிலாந்தின் பல பகுதிகளில், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று மேற்பரப்பை அடைகிறது என்று 1881-இல் வெளிவந்த தமது நூலில் அவர் கணித்தார்.

மண் உருவாகும் முறை

மண்புழுவுக்குக் கண்ணும் காதும் இல்லை. ஒளியையும் அதிர்வையும் உடலால் உணர்கிறது. தோலால் சுவாசிப்பதால் ஈரமின்றி அது வாழ இயலாது. ஆதலால் பகலில் மண்ணுள் மறைந்திருந்து இரவில் மேலே வருகிறது. நம் நாட்டுக் கோடையில் சில இனங்கள் ஆழத்திற்குச் சென்று சுருண்டு உறங்குகின்றன.

பல்லில்லாத இவ்வுயிர் மண்ணையும் மட்கும் இலைகளையும் சேர்த்து விழுங்குகிறது. அதன் அரைவைப்பையில் மணல் துகள்களே அரைகற்களாகப் பயன்படுகின்றன. குடலில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. வெளிவரும் எச்சத்தில், பயிர் எளிதில் ஏற்கும் வடிவில் சத்துக்கள் மிகுந்துள்ளன. புழு செல்லும் வளைகள் வழியே மழைநீர் உட்புகுகிறது. வேருக்குக் காற்றும் எட்டுகிறது. ஆயின் புழு சத்தைப் புதிதாகப் படைப்பதில்லை. உள்ளதையே மாற்றித் தருகிறது. தழையும் சருகும் இல்லாத நிலத்தில் அதற்கு உணவில்லை.

குழியும் வயலும்

மண்புழுக்களை மூவகையாகப் பிரிப்பர்: மேற்பரப்பில் சருகிடையே வாழ்பவை, மேல்மண்ணுள் வாழ்பவை, ஆழ்ந்த வளை தோண்டுபவை. உரக் குழிகளில் வளர்க்கப்படும் ஐசீனியா ஃபெடிடா, ஆப்பிரிக்க இனமான யூட்ரிலஸ் யூஜீனியே, இந்திய இனமான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவை முதல் வகையைச் சார்ந்தவை. இவை கழிவைச் சிறந்த உரமாக்கும்; வயலில் ஆழ வளை தோண்டா. அப்பணி லாம்பிடோ மாரிட்டீ போன்ற நாட்டு இனங்களுக்கு உரியது.

இயற்கை வேளாண்மையை ஊக்குவிக்க 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பரம்பராகத் கிருஷி விகாஸ் போன்ற திட்டங்களில் மண்புழு உரத்திற்கும் இடமுண்டு. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அமைக்கப்பட்ட குழிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு வெற்றியை மதிப்பிடுவது முழுமையாகாது. குழி நிறைந்து வயல் வறண்டிருத்தல் கூடும்.

வயலில் புழு நிலைபெற வேண்டுமாயின், அறுவடைத் தாளை எரிக்காது மண்ணுக்கே அளித்தல், தேவைக்கு மிஞ்சிய உழவைத் தவிர்த்தல், நச்சு மருந்துகளைக் குறைத்தல் ஆகியவை இன்றியமையாதவை. மழைக்குப் பின் ஓரடி நீள, அகல, ஆழத்திற்கு மண்ணை வெட்டியெடுத்துப் புழுக்களை எண்ணிப் பார்க்கலாம். இதற்குச் செலவேதும் இல்லை. ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், ஒரே இடத்தில் எடுக்கப்படும் அவ்வெண்ணிக்கை, நம் மூலதனம் வளர்கிறதா தேய்கிறதா என்பதை ஓரளவு உணர்த்தும்.