பேறுகால இரத்தப்போக்கும் பிட்யூட்டரி குறைபாடும்: அடுத்த கர்ப்பத்தில் கவனிக்க வேண்டியவை

 

பிரசவத்தில் அதிக இரத்தம் போய், இரத்தம் ஏற்றிப் பிழைத்த பெண்கள் பல குடும்பங்களில் உண்டு. அவர்களில் சிலருக்குப் பால் சுரக்காது. மாதவிடாய் திரும்ப வராது. எந்நேரமும் அசதி, தலைசுற்றல், குளிர் தாங்காமை இருக்கும். "பிள்ளை பெற்ற உடம்பு, போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடுவது வழக்கம். மறுபிள்ளை தங்கவில்லை என்றால் பழியும் அந்தப் பெண்மேல்தான் விழுகிறது. ஆனால் இது மருந்துள்ள ஒரு நோயாக இருக்கலாம்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. தைராய்டு, அட்ரீனல், சினைப்பை ஆகியவற்றை வேலை வாங்குவது இதுதான். கர்ப்பத்தில் இது பெருத்து, கூடுதல் இரத்தம் கேட்கும். அந்நேரம் இரத்தப்போக்கால் அழுத்தம் சரிந்தால் சுரப்பியின் திசுக்கள் செத்துவிடும். 1937-இல் ஹரால்ட் ஷீஹன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விளக்கியதால் 'ஷீஹன் நோய்' என்கிறார்கள்.

நம் நாட்டில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இதை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100-க்குச் சுமார் 3 பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று கணித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டிலேயே பிரசவித்தவர்கள். மருத்துவமனைப் பிரசவம் ஏன் அவசியம் என்பதற்கு இதுவே போதும்.

நோய் உறுதியானவர்களும் தாயாகலாம். சிலருக்கு இயல்பாகவே கரு தங்கும். சிலருக்குச் சினைமுட்டை வளர ஊசி தேவைப்படும். ஆனால் முதலில் ஹார்மோன்களைச் சரிசெய்த பிறகே கர்ப்பத்துக்கு முயல வேண்டும். கவனிக்க வேண்டியவை:

1. ஸ்டீராய்டு மாத்திரையை (ஹைட்ரோகார்ட்டிசோன்) ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. "கர்ப்பத்தில் மாத்திரை ஆகாது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குறைந்துபோன இயற்கைச் சுரப்பை ஈடுசெய்யத்தான் இதைத் தருகிறார்கள்.

2. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை வெளியேறினால் உடனே ஊசி போட வேண்டும், 108-ஐ அழையுங்கள்.

3. தைராய்டு மாத்திரையை ஸ்டீராய்டு தொடங்கிய பிறகே தொடங்க வேண்டும். இந்நோயில் டி.எஸ்.எச். அளவு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்; ஃப்ரீ டி4 பார்க்கச் சொல்லுங்கள். சத்து மாத்திரைகளான இரும்பு, கால்சியத்துக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

4. பிரசவ வலி தொடங்கியதும், ஆபரேஷன் என்றாலும், ஸ்டீராய்டு ஊசி தேவை. நோயின் பெயரையும் மருந்துகளையும் ஒரு சீட்டில் எழுதிக் கர்ப்பிணி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடக்கும் நேரத்தில் அந்தச் சீட்டே பேசும்.

5. மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு பிடிப்பது உயிருக்கே ஆபத்து. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிரசவத்துக்குப் பின் பால் போதாமல் போகலாம். அதற்காகத் தாயை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

மேலே சொன்ன அறிகுறிகள் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இருந்தால், நம்மூர் அரசு மருத்துவமனையில் பிரசவத்தில் நடந்ததை விவரமாகச் சொல்லி, ஹார்மோன் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். கணவரும் மாமியாரும் கூடவே போனால் அந்தப் பெண்ணுக்குப் பாதி பாரம் குறையும்.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்கள் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

– செயலாளர்