ஆயத்தம் யாருக்காக?

மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேனின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதுதான் டிராகன் பள்ளியின் பெயரை முதன்முதலாக அறிந்தேன். 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் ஹால்டேன். அவர் சிறுவயதில் பயின்றது ஆக்ஸ்ஃபோர்டு நகரிலுள்ள அந்த ஆயத்தப் பள்ளியில்தான்.

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று அழைக்கப்படுபவை அரசுப் பள்ளிகள் அல்ல. ஈட்டன், வின்செஸ்டர் போன்ற, உயர் கட்டணம் பெறும் தனியார் பள்ளிகள். பதின்மூன்று வயதில் அவற்றில் சேர்வதற்குப் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவையே ஆயத்தப் பள்ளிகள். 1904-இல் தொடங்கிய 'காமன் என்ட்ரன்ஸ்' என்னும் பொது நுழைவுத் தேர்வை ஒட்டியே அவற்றின் பாடத்திட்டம் பெரிதும் அமைந்தது.

டிராகன் பள்ளி 1877-இல் பிறந்த கதை சுவையானது. கல்லூரி ஆசிரியர்கள் மணமுடிக்கக் கூடாது என்ற ஆக்ஸ்ஃபோர்டின் பழைய விதி தளர்ந்துவந்த காலம் அது. குடும்பம் அமைந்ததும் பிள்ளைகளுக்குப் பள்ளி தேவைப்பட்டது. ஆசிரியர்களே குழு அமைத்துப் பள்ளியைத் தொடங்கினர். குழுவில் ஜார்ஜ் என்று ஒருவர் இருந்தார். பறவைநாகத்தை வென்ற புனித ஜார்ஜின் கதையை அறிந்த மாணவர்கள், குறும்பாகத் தங்களை 'டிராகன்கள்' என்று அழைத்துக் கொண்டனர். அந்தக் கேலிப்பெயரே பின்னாளில் பள்ளியின் பெயராக நிலைத்தது.

1886-இல் தலைமையாசிரியரான சி.சி. லைனம், மாணவர்களுக்கு 'ஸ்கிப்பர்', அதாவது படகுத் தலைவர். பாய்மரப் படகில் கடலோடிய அவரது காலத்தில், 1895-இல், பள்ளி செர்வெல் ஆற்றங்கரையை அடுத்த பார்ட்வெல் சாலைக்கு இடம்பெயர்ந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன், நாவலாசிரியர் நெவில் ஷூட் போன்றோர் அங்கே பயின்றனர்.

என்னை உறுத்துவது வேறொரு செய்தி. ஹால்டேனின் தங்கை நவோமியும் அங்கே சிறுவர்களோடு அமர்ந்து படித்தார். அண்ணன் உதவித்தொகையுடன் ஈட்டனுக்குச் சென்றார். தங்கையோ பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டிலேயே பாடம் கற்றார். அறிவில் அவர் குறைந்தவர் அல்லர்; நவோமி மிட்சிசன் என்ற பெயரில் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதியவர். அடுத்த படிக்கான கதவுதான் அவருக்குத் திறக்கவில்லை.

இன்று டிராகன் பள்ளியில் சிறுமியரும் பயில்கின்றனர். பாலினத் தடை நீங்கியது. கட்டணத் தடை நீங்கவில்லை. இங்கிலாந்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவானவர்களே தனியார் பள்ளிகளில் பயில்கின்றனர். 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படுகிறது. அந்த வருவாயைக் கொண்டு அரசுப் பள்ளிகளுக்கு 6,500 ஆசிரியர்களை நியமிப்போம் என்பது அரசின் வாக்குறுதி. வரிச் சுமை நடுத்தரக் குடும்பங்களைத்தான் வெளியேற்றும் என்பது பள்ளிகளின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தம் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும் என்று அன்றைய ஆசிரியர்கள் விரும்பியதில் தவறில்லை. அந்த விருப்பம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. நவோமியை வாசலில் நிறுத்தியது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அவருடைய நூல்கள் காட்டிவிட்டன. கட்டணம் வாசலில் நிறுத்தும் பிள்ளைகள் எழுதியிருக்கக்கூடிய நூல்களை யார் கணக்கிடுவது?