எண்ணெய் நாட்டில் மின்சாரக் கார்கள்

பெட்ரோல் காருக்கு மாற்றாக மின்சாரக் கார் நிலைபெறுமா என்று ஐயுறுவோர், நார்வே நாட்டை நோக்குதல் நலம். கடலடியிலிருந்து எண்ணெய் எடுத்து, அதை உலகுக்கு விற்றுச் செல்வம் சேர்த்த நாடு அது. ஆயினும் 2024-ஆம் ஆண்டில் அங்கு விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்களே! அவ்வாண்டு செப்டம்பரில், பதிவுபெற்றிருந்த மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களின் எண்ணிக்கையை முதன்முறையாக மிஞ்சியது.

இம்மாற்றம் ஒரே நாளில் விளைந்ததன்று. 1989-இல் பிரெடரிக் ஹௌகே என்னும் சுற்றுச்சூழல் ஆர்வலரும், 'ஆ-ஹா' என்ற புகழ்பெற்ற இசைக்குழுவைச் சேர்ந்தவர்களும், மின்சாரத்தில் ஓடுமாறு மாற்றியமைக்கப்பட்ட சிறிய ஃபியட் கார் ஒன்றைத் தருவித்தனர். புகை கக்காத வண்டிக்குச் சுங்கம் எதற்கு என்று கேட்டு, சாலைச் சுங்கம் செலுத்த மறுத்தனர். கார் பறிமுதலாகி ஏலம் போயிற்று. எனினும் அவர்களது கோரிக்கை வீண்போகவில்லை. 1997-இல் மின்சாரக் கார்களுக்குச் சாலைச் சுங்கம் நீக்கப்பட்டது. 2001-இல் மதிப்புக் கூட்டு வரியும் நீங்கியது. பெட்ரோல் கார்கள்மீது கடும் வரி தொடர்ந்தமையால், நடுத்தரக் குடும்பங்களும் மின்சாரக் காரை நாடலாயின.

இயற்கையும் அந்நாட்டுக்குத் துணைநின்றது. அதன் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீராற்றலால் பிறப்பது. நிலக்கரியை எரித்து மின்சாரம் பெறும் நாடுகளிலோ, வீதியில் காணாத புகை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. பெட்ரோல் எஞ்சினைவிட மின்மோட்டார் ஆற்றலை மிகக் குறைவாகவே வீணாக்குகிறது என்பது உண்மை. ஆனால் அதனால் மட்டும் புகை அற்றுப்போவதில்லை.

வாசக அன்பர்களே, மற்றொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மின்சாரக் காரின் உயிர்நாடி அதன் பாட்டரி. பல பாட்டரிகளுக்குத் தேவையான கோபால்ட் உலோகத்தில், உலக உற்பத்தியின் பாதிக்கும் மேற்பட்டது காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் சிறுவர்களும் உழைப்பது வெளியுலகுக்குத் தெரிந்த செய்தியே. இரும்பும் பாஸ்பேட்டும் கொண்டு கோபால்ட் இன்றியே செய்யப்படும் பாட்டரிகள் பெருகி வருவது ஆறுதல் தருகிறது.

மின்சாரக் காருக்கு எதிர்காலம் உண்டு என்பதை நார்வே மெய்ப்பித்துவிட்டது. ஆயினும் அது தன் எண்ணெயைப் பிற நாடுகளுக்கு விற்பதை நிறுத்தவில்லை. அந்த எண்ணெய் வேறெங்கோ எரிகிறது. நம் வாசலில் புகை மறைந்தால் மட்டும் போதாது. அது அயலான் வாசலுக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும், அவன் பிள்ளையின் முதுகில் சுமையாக ஏறவில்லை என்பதையும் உறுதி செய்வது, கார் வாங்குவோரும் விற்போரும் ஆள்வோரும் ஏற்கவேண்டிய கடமையாகும்.